விமான நிலையத்து எலிகளுக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விமானத்துக்குள் எலி ஓடியதால் பயணம் தடைப்பட்டது என்ற செய்தி அவ்வப்போது நாளிதழ்களில் வந்துவிடுகிறது. 2015 ஜூலையில் தில்லியிலிருந்து மிலான் நகருக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம், எலி தென்பட்டதால் தில்லிக்கே திரும்பியது. அதே ஆண்டு டிசம்பரில் மும்பையிலிருந்து லண்டனுக்குச் சென்ற அந்நிறுவனத்தின் இன்னொரு விமானம், ஈரான் வரை போன பிறகு மும்பைக்குத் திரும்ப நேர்ந்தது. 2024 பிப்ரவரியில் லாகூரிலிருந்து கொழும்பு வந்த ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் விமானம், ஓர் எலியைத் தேடுவதற்காக மூன்று நாள்கள் தரையில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆஸ்லோவிலிருந்து ஸ்பெயினுக்குச் சென்ற எஸ்.ஏ.எஸ். விமானம், பயணி ஒருவரின் உணவுப் பெட்டியிலிருந்து சுண்டெலி குதித்து ஓடியதால் கோபன்ஹேகனில் இறங்கியது. இத்தகைய செய்திகளைப் படித்து வியந்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் விமானத்துக்குள் பிடிபடும் எலி தரையிலிருந்துதான் ஏறியிருக்கிறது. உணவு வண்டியோடும் சரக்குப் பெட்டியோடும் அது ஏறுகிறது. ஆகவே, அது விமானத்துக்குள் எப்படி வந்தது என்று கேட்பதோடு நில்லாமல், தரையிலுள்ள கட்டடங்களில் எத்தனை காலமாகக் குடியிருந்தது, அதைக் கவனிக்க வேண்டியவர் யார் என்றும் கேட்க வேண்டும்.

நகராட்சி ஒன்றில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அரிசி மண்டி, காய்கறிச் சந்தை, மருத்துவமனைச் சமையற்கூடம், திருமண மண்டபம் என்று எலிக்காக நான் போய் நிற்காத இடம் குறைவு. எலித் தொல்லை தீராமலே இருக்கும் இடங்களில் பெரும்பாலும் பொறிக்கோ மருந்துக்கோ குறை இருப்பதில்லை. பொறுப்புதான் பலர் கையில் சிதறிக் கிடக்கும். விமான நிலைய முனையம் அப்படிப்பட்ட இடம். கட்டடம் ஒரு நிறுவனத்திடம் இருக்கிறது. உணவுக் கடைகள் வேறு பலரிடம். லவுஞ்ச் என்று நாம் சொல்லும் ஓய்வுக்கூடத்தை நடத்துபவர் இன்னொருவர். துப்புரவுக்கு ஓர் ஒப்பந்ததாரர், பூச்சி எலி ஒழிப்புக்கு மற்றோர் ஒப்பந்ததாரர், சுகாதார மேற்பார்வைக்கு மத்திய அரசின் விமான நிலையச் சுகாதார அமைப்பு. பொய்க்கூரைக்கு மேலே செல்லும் மின்கம்பித் தட்டின் வழியாக எலி இத்தனை பேருடைய எல்லைகளையும் தடையின்றிக் கடந்து வருகிறது. இவர்களில் எவரைக் கேட்டாலும் அது அடுத்தவர் எல்லையிலிருந்து வந்தது என்றே பதில் கிடைக்கிறது.

அண்மையில் தென்னிந்திய விமான நிலையம் ஒன்றின் ஓய்வுக்கூடத்தில், நள்ளிரவுக்குப் பிறகு, காபி இயந்திரம் வைத்திருந்த மேடைக்கு அடியிலிருந்து ஒரு சுண்டெலி வெளிப்பட்டு, சுவரை ஒட்டியே ஓடி, சோபா வரிசைக்குக் கீழே மறைந்ததைக் கண்டேன். தொழில் பழக்கம் விடவில்லை, குனிந்து பார்த்தேன். இயந்திரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில், குழாயைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தார்கள். அதன் கீழ்விளிம்பு, எலியின் உடம்பு மறுபடி மறுபடி உரசியதால் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்திருந்தது. சோபாவின் இருக்கைக்கும் சாய்மானத்துக்கும் இடையிலிருந்த மடிப்பில் வறுத்த கடலையும் பிஸ்கட் தூளும் சேர்ந்திருந்தன. அவற்றினூடே, சீரகத்தைவிடச் சற்றே பருத்த புழுக்கைகள். அவை கறுத்து மினுமினுப்பாக இருந்தன, அதாவது, புதியவை. பழைய புழுக்கை சாம்பல் நிறமாகிவிடும், தொட்டால் பொடிந்துவிடும். மேசை துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன். “தெனமும் பாக்குறோம் சார். சொன்னா, நாங்க சரியா சுத்தம் பண்ணலன்னு எங்க தலையிலதான் வந்து விழும்” என்றார். பொறுப்பாளரோ, மருந்து வைத்திருப்பதாகச் சொன்னார். வைத்திருந்தார்கள் என்பது உண்மைதான். உணவு கொண்டுவரும் பக்கவாசல் அருகே ஒரு கறுப்பு நெகிழிப் பெட்டி இருந்தது. அதன் மூடியில் ஒட்டிய அட்டையில், வாரந்தோறும் பார்வையிட்டதற்கான கையொப்பங்கள் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், வரப்போகும் வாரத்துக்கும் சேர்த்தே இடப்பட்டிருந்தன.

அந்த விமான நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஓரிடத்தின் பெயரைச் சொன்னால் அங்கே இரண்டு வாரம் பரபரப்பு இருக்கும். மற்ற இடங்களில் எதுவும் மாறாது.

சுண்டெலியின் இயல்பைத் தெரிந்துகொண்டால், முனையக் கட்டடம் அதற்கு எவ்வளவு வசதியான இடம் என்பது புரியும். அது நுழைவதற்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி, அதாவது ஒரு பென்சில் நுழையும் துளை, போதும். ஒரு நாளைக்கு அதற்கு வேண்டிய உணவு சுமார் 3 கிராம்தான். தண்ணீர் தனியாகக் கிடைக்காவிட்டாலும் உணவிலுள்ள ஈரத்தைக் கொண்டே நெடுநாள் தாக்குப்பிடிக்கும். கருவுற்ற எலி மூன்று வாரத்தில் ஐந்தாறு குட்டிகள் ஈனும். அந்தக் குட்டிகள் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தாமே குட்டி போடும் பருவத்தை எட்டிவிடும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. உணவு அருகிலேயே கிடைக்கும் இடத்தில் சுண்டெலி தன் கூட்டைவிட்டுப் பத்து மீட்டருக்கு அப்பால் போவது அரிது. ஓய்வுக்கூடத்தில் ஒரு சுண்டெலி நாள்தோறும் தென்படுகிறது என்றால், அதன் கூடு அந்த அறையிலோ, அதன் சுவருக்குள்ளோ, நேர் மேலேயுள்ள பொய்க்கூரையிலோதான் இருக்கிறது. வெளியிலிருந்து எப்போதாவது ஒன்று வந்துவிடுகிறது என்ற சமாதானத்தை ஏற்பதற்கில்லை.

நம் வீடுகளிலும் கடைகளிலும் இரவு பத்து மணிக்கு மேல் அடுப்பு அணைகிறது, பாத்திரம் கழுவப்படுகிறது, கதவு மூடப்படுகிறது. முனையத்தில் அப்படியொரு நேரமே இல்லை. வளைகுடா நாடுகளுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் செல்லும் விமானங்கள் பலவும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் புறப்படுகின்றன. அந்த நேரத்திலும் உணவு மேசை நிரம்பியே இருக்கிறது. இதற்கு மேல், வங்கி அட்டையைத் தேய்த்து 2 ரூபாய் கட்டணத்தில் ஓய்வுக்கூடத்துக்குள் செல்லும் வசதி பரவிய பிறகு, ஒரு காலத்தில் சிலர் மட்டும் அமர்ந்திருந்த அறைகளில் இன்று வாசல் வரை வரிசை நிற்கிறது. நடுத்தரக் குடும்பத்தினர் உள்ளே வந்து நிம்மதியாகச் சாப்பிடுவதை நான் மகிழ்ச்சியோடுதான் பார்க்கிறேன். ஆனால் கூட்டம் பெருகிய அளவுக்குத் துப்புரவுப் பணியாளர்கள் பெருகவில்லை. தட்டை எடுப்பதற்கும் மேசையைத் துடைப்பதற்குமே அவர்களுக்கு நேரம் சரியாக இருக்கிறது. சோபாவை நகர்த்தி அடியில் பெருக்குவதற்கு நேரமும் இல்லை, அதற்கான உத்தரவும் இல்லை.

சுண்டெலி உள்ளே வாழ்வது. பெருச்சாளியும் சாக்கடை எலியும் வெளியிலிருந்து வருபவை. இவற்றைக் கையாளும் முறையும் வேறு. சென்னை விமான நிலையத்தை ஒட்டி அடையாறு ஓடுகிறது. இரண்டாவது ஓடுதளம் அந்த ஆற்றின் மேலேயே பாலம் கட்டி நீட்டப்பட்டிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த விமான நிலையம் நாள்கணக்கில் மூடப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆற்றங்கரையிலும் தாழ்வான நிலத்திலும் வெள்ளம் புகும்போது, வளைகளில் இருக்கும் பெருச்சாளிகள் மேட்டு நிலத்தையும் கட்டடங்களையும் நாடி வருவது இயற்கை. ஆகவே வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, செப்டம்பரிலேயே, சுற்றுச்சுவரை ஒட்டிய வளைகளை அடைப்பதும் வடிகால் வாய்களுக்குக் கம்பிவலை இடுவதும் முடிந்திருக்க வேண்டும். மழை தொடங்கிய பிறகு வைக்கும் மருந்து நனைந்து வீணாகும்.

இதெல்லாம் அருவருப்பு சார்ந்த விஷயம் மட்டும்தானே என்று சிலர் நினைக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சல் பரவுகிறது. காலில் சிறு வெட்டுக்காயத்தோடு ஈரத்தில் நிற்கும் துப்புரவுப் பணியாளருக்கும் சுமை ஏற்றுபவருக்கும்தான் அது முதலில் வரும். சுண்டெலி நடந்த தட்டிலும் கரண்டியிலும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி தங்கலாம். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் அது எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கிறது. மின்கம்பியின் உறையும் அதற்கு ஒன்றுதான். 2013 மார்ச்சில், ஏற்கெனவே விபத்துக்குள்ளாகியிருந்த ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில், பயன்படுத்தப்பட்ட எரிபொருளைக் குளிர்விக்கும் அமைப்பு ஒரு நாளுக்கும் மேலாக நின்றுபோனதற்கு, மின்விசைப் பலகைக்குள் புகுந்த ஓர் எலியே காரணம் என்று அந்நிலையத்தை நடத்தும் நிறுவனம் கண்டறிந்தது. விமானத்தில் எலி நுழைந்தால், அது கம்பியைக் கடித்ததா இல்லையா என்று உறுதிசெய்யும் வரை அந்த விமானத்தைப் பறக்கவிடாததும் இதனால்தான்.

நோயும் விமானப் போக்குவரத்தும் எவ்வளவு நெருங்கியவை என்பதற்கு 1994 செப்டம்பர் ஒன்றே போதும். குஜராத்தின் சூரத் நகரில் எலிகளோடு தொடர்புடைய பிளேக் நோய் பரவி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, வளைகுடா நாடுகள் பல இந்தியாவுக்கான விமானங்களை நிறுத்தின. இந்தியாவிலிருந்து சென்ற பயணிகள் அயல்நாட்டு விமான நிலையங்களில் சோதனைக்கு உள்ளானார்கள். பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பிய கொங்கு நாட்டில், அந்த நோயின் கொடுமையைப் பாட்டனார் வாய்வழி கேட்ட குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன.

சட்டத்துக்குக் குறைவில்லை. 2007 ஜூன் 15 முதல் நடைமுறையில் உள்ள, உலகச் சுகாதார அமைப்பின் பன்னாட்டுச் சுகாதார ஒழுங்குவிதிகள், விமான நிலையங்களில் பயணிகளும் சரக்கும் கையாளப்படும் இடங்களைச் சுற்றிக் குறைந்தது 400 மீட்டர் தொலைவுக்கு, நோயைப் பரப்பும் உயிரினங்களைக் கட்டுப்படுத்தும் திட்டம் இருக்க வேண்டும் என்கின்றன. அவ்விதிகள் பூச்சிகளை மட்டும் குறிக்கவில்லை. நோய்க்கிருமியைச் சுமந்து செல்லும் பிற விலங்குகளும் அவற்றில் அடங்கும். அதற்குப் பயிற்சி பெற்ற ஆள்கள் அங்கேயே இருக்க வேண்டும் என்பதும் விதி. இந்தியாவில் இந்தப் பொறுப்பு மத்திய சுகாதாரத் துறையின்கீழ் உள்ள விமான நிலையச் சுகாதார அமைப்புகளைச் சேர்ந்தது. ஏடிஸ் கொசுவைப் பொறுத்தவரை அவர்கள் தண்ணீர்த் தொட்டி தொட்டியாகப் பார்ப்பதை நான் அறிவேன். அந்தப் பணியை மதிக்கிறேன். அதே அக்கறை பொய்க்கூரைக்கு மேலேயும் செல்ல வேண்டும். கப்பலுக்கு இதே ஒழுங்குவிதிகளின்படி ஆறு மாதத்துக்கு மேல் செல்லாத சுகாதாரச் சான்றிதழ் தேவை. துறைமுக அதிகாரி ஏறிப் பார்த்து, எலியின் தடயம் உண்டா என்று எழுதிக் கையொப்பமிடுகிறார். முனையக் கட்டடத்துக்கு அப்படிக் காலவரம்புள்ள சான்றிதழ் எதையும் அவ்விதிகள் கேட்பதில்லை.

உணவைப் பொறுத்தவரை, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உணவுத் தொழில்களுக்காக வகுக்கப்பட்ட 2011-ஆம் ஆண்டின் உரிமம் மற்றும் பதிவு ஒழுங்குமுறைகளின் நான்காவது அட்டவணை, எலி நுழையக்கூடிய துளைகளும் வடிகால்களும் அடைக்கப்பட வேண்டும் என்றும், உணவுப்பொருள்கள் தரையிலிருந்து உயர்த்தி, சுவரிலிருந்து விலக்கி, எலி நுழையாத கலன்களில் வைக்கப்பட வேண்டும் என்றும் தெளிவாகவே சொல்கிறது. அந்தக் காபி இயந்திரத்துக்குப் பின்னால் இருந்த ஓட்டை இந்த விதிக்கு நேர் எதிரானது.

இனி, நடைமுறையில் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். புகார் வந்தால் மருந்து வைக்கிறார்கள். அல்லது ஒட்டும் அட்டையை விரிக்கிறார்கள். இரண்டையுமே நான் எதிர்க்கிறேன்.

இன்று பரவலாக வைக்கப்படும் புரோமாடியோலோன் போன்ற மருந்துகள் இரத்தத்தை உறையவிடாமல் செய்து எலியைக் கொல்பவை. தின்ற எலி சாவதற்குப் பல நாள்கள் ஆகும். அதற்குள் அது தன் கூட்டுக்குப் போய்விடும். குளிரூட்டும் குழாய்க்கு அருகே, கை எட்டாத இடத்தில் கிடந்து அது அழுகும்போது, நாற்றமும் ஈயும் அறை முழுவதும் பரவும். உணவு பரிமாறும் இடத்தில் நஞ்சை வைப்பதே தவறு என்பது ஒருபுறம் இருக்கட்டும். குழந்தைகள் தரையில் தவழும் கூடத்தில் அதை எங்கே வைத்தாலும் எனக்கு மனம் ஒப்பாது. 2024 நவம்பரில், சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலி ஒழிப்பு நிறுவனத்தினர் வீட்டுக்குள் வைத்துச் சென்ற நஞ்சினால் இரண்டு குழந்தைகள் இறந்தன. பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். காற்று வெளியேறாத குளிரூட்டிய கட்டடங்களுக்கு எந்த மருந்து, எந்த அளவு, யார் கையால் என்று கேட்காமல் ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் ஒவ்வோர் அதிகாரியும் அந்தச் சம்பவத்தை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஒட்டும் அட்டையில் சிக்கிய எலி உடனே சாவதில்லை. பசையில் தோல் கிழிந்து, பட்டினியிலும் தாகத்திலும் மணிக்கணக்கில் கத்திக்கொண்டே கிடக்கும். அந்த அச்சத்தில் அது கழிக்கும் சிறுநீரும் புழுக்கையும் அங்கேயே சேரும். இந்திய விலங்குகள் நல வாரியம் இதற்கு எதிராக மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. இங்கிலாந்தில் 2024 ஜூலை 31 முதல், உரிமம் பெறாமல் இதைப் பயன்படுத்துவது குற்றம். கொல்ல வேண்டியிருந்தால் நொடியில் கொல்லும் பழைய சுருள்வில் பொறியே மேல். ஆனால் அதை வைக்கும் முறை தெரிய வேண்டும். சுண்டெலி சுவரை ஒட்டியே ஓடுவதால், இரை வைத்த முனை சுவரைத் தொடும்படி, பொறியைச் சுவருக்குக் குறுக்காக வைக்க வேண்டும். ஓரிடத்தில் வயிறாரத் தின்னாமல் பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கும் பிராணி என்பதால், ஒரு மூலையில் ஒரு பொறி வைத்துப் பயனில்லை. இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்றாக, மூடிய பெட்டிகளுக்குள், பலவற்றை ஒரே இரவில் வைத்து, விடியலில் எடுத்துவிட வேண்டும்.

எனினும், பொறி வெறும் இரண்டாம் வேலைதான். முதல் வேலை கொத்தனாருடையது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1940-களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் டேவிஸ் எலிகளை ஆராய்ந்தபோது, கொன்று குறைத்த இடங்களில் எண்ணிக்கை மீண்டும் பழைய அளவுக்கே ஏறியதையும், உணவும் மறைவிடமும் குறைக்கப்பட்ட இடங்களில் அது குறைந்தே நின்றதையும் கண்டார். நம் பக்கத்து வீடுகளில் உடைந்த கண்ணாடித் துண்டுகளைச் சிமென்டில் குழைத்து எலி வளையை அடைப்பார்களே, அந்த அறிவும் இதுவே. முனையத்தில் குழாயும் கம்பியும் சுவரைக் கடக்கும் இடங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். எஃகு நாரையோ செம்புக் கம்பிவலையையோ திணித்து, மேலே சிமென்ட் பூசி அவற்றை அடைக்க வேண்டும். நுரை அடைப்பானை மட்டும் பீய்ச்சினால் ஒரே இரவில் கொறித்துவிடும். பயணப்பெட்டிகள் பட்டையில் ஓடி உள்ளே வரும் வாயில்களில் தொங்கும் ரப்பர்த் திரைகள், சரக்கு இறக்கும் கதவுகளின் அடிவிளிம்பு, அலங்காரச் செடித் தொட்டிகளின் மண், கடைகளுக்கு வரும் அட்டைப் பெட்டிகள் ஆகிய நான்கும் நான் முதலில் பார்க்கச் சொல்லும் இடங்கள். அட்டைப் பெட்டி எலிக்குக் கூடு கட்டும் பொருளாகவும் பயன்படுகிறது. ஆகவே சரக்கு வந்தவுடன் பொருளை நெகிழிக் கூடைக்கு மாற்றி, அட்டையை அன்றே வெளியேற்ற வேண்டும்.

இவற்றைச் செய்யவிடாமல் தடுப்பது ஒப்பந்த முறை. எலி ஒழிப்பு நிறுவனத்துக்கு மாதத்தில் எத்தனை முறை வந்தார்கள், எத்தனை பெட்டி வைத்தார்கள் என்பதைக் கொண்டே பணம் தரப்படுகிறது. அந்நிறுவனத்தின் ஆள் ஓட்டையைக் கண்டாலும் அடைக்க முடியாது. அது கட்டடப் பிரிவின் வேலை. கட்டடப் பிரிவுக்குச் சொன்னால், அது ஓய்வுக்கூடத்தை எடுத்தவர் செய்த உள் அலங்காரம் என்று திருப்பிவிடுவார்கள். ஆகவே அவர் பெட்டியின் அட்டையில் கையொப்பமிட்டுவிட்டுப் போய்விடுகிறார். அவர்மேல் மட்டும் குற்றம் சொல்வது நியாயமன்று. ஒப்பந்தத்தின் அளவுகோலே மாற வேண்டும். புதிய புழுக்கை, கொறித்த தடம், பொறியில் விழுந்த எலி ஆகியவற்றை இடவாரியாக வரைபடத்தில் குறித்து, அந்தக் குறிகள் மாதந்தோறும் குறைகின்றனவா என்று பார்த்தே பணம் வழங்க வேண்டும். கண்டறிந்த ஓட்டையைக் குறிப்பிட்ட நாளுக்குள் அடைக்காத உரிமதாரருக்குத் தண்டம் விதிக்கும் அதிகாரத்தோடு, முனையம் முழுவதற்கும் ஒரே அதிகாரி இருக்க வேண்டும்.

துப்புரவுப் பணியாளர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எலி எங்கே இருக்கிறது என்பது நிறுவனத்தின் ஆய்வாளரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு நாளும் புழுக்கையைப் பெருக்கி அள்ளுபவர்கள் அவர்கள். அப்படி அள்ளுவதும் தவறான முறை. உலர்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மூக்கில் ஏறும். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, கிருமிநாசினி தெளித்து, நனைந்த பிறகு துணியால் எடுக்க வேண்டும். யாரும் அவர்களுக்கு இதைச் சொல்லித் தரவில்லை. கண்டதைச் சொன்னால் வேலை போகும் என்ற அச்சத்தை நீக்கி, சொல்பவரின் பெயர் வெளிப்படாத ஒரு பதிவேட்டைத் திறந்துவிட்டாலே, எந்தக் கருவியும் வாங்காமல் பாதி வரைபடம் கிடைத்துவிடும்.

இது நடக்கக்கூடியதே என்பதற்கு அதே சூரத் சான்று. பிளேக் வந்த மறு ஆண்டு, 1995-இல், அங்கு மாநகராட்சி ஆணையராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ராவ், மூத்த அதிகாரிகள் ஒவ்வொருவரையும் நாள்தோறும் தெருவில் இறங்கித் தம் மண்டலத்தைப் பார்வையிடச் செய்தார். சுகாதாரம் பேணாத உணவகங்களைப் பெரியவர் சிறியவர் என்று பாராமல் தண்டித்தார். இரண்டே ஆண்டுகளில் அந்நகரம் நாட்டின் தூய்மையான நகரங்களில் ஒன்றாக எண்ணப்பட்டது. ஒவ்வொரு மண்டலத்துக்கும் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தார் என்பதையே நான் அதில் முக்கியமாகக் காண்கிறேன்.

முனையத்துக்கு வெளியே நமக்கும் பங்கு உண்டு. ஓடுதளத்தை ஒட்டிய புல்வெளியில் எலி பெருகினால் பருந்தும் ஆந்தையும் அதைத் தேடி வரும். விமானத்தில் பறவை மோதும் ஆபத்து கூடும். விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவில் விலங்கு வெட்டுவதையும் குப்பை, கழிவு கொட்டுவதையும் 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 91-ஆவது விதி தடை செய்கிறது. மீனம்பாக்கத்தைச் சுற்றிப் பல்லாவரம், பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர் எல்லாம் அந்த எல்லைக்குள் வருபவை. இப்பகுதி மக்களும், தாம்பரம் மாநகராட்சியும், இறைச்சிக் கழிவு திறந்தவெளிக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் ஊரின் நலனுக்கும் உகந்தது.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். சென்னை, திருச்சி, கோவை, மதுரை விமான நிலையங்கள் இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தின்கீழ் இருப்பவை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் அவற்றுக்குப் பொருந்தும். தங்கள் செய்தியாளர்கள் இந்நான்கு நிலையங்களிடமும், எலி ஒழிப்பு ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் என்ன, கடந்த 12 மாதங்களில் எந்தெந்த இடங்களில் எலியின் தடயம் பதிவாகியது, அந்த இடங்களில் அடைக்கப்பட்ட ஓட்டைகள் எத்தனை, 400 மீட்டர் எல்லைக்குள் சுகாதார அமைப்பு கடைசியாக எலிக் கணக்கெடுப்பு நடத்தியது எப்போது, முனையம் முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டிய அதிகாரியின் பதவிப் பெயர் என்ன என்று கேட்டு, வரும் பதில்களை அப்படியே வெளியிட வேண்டுகிறேன். ஓய்வுக்கூடத்தில் எலியைக் காணும் பயணிகளும் படம் எடுத்துப் பகிர்வதோடு நில்லாமல், நேரத்தையும் இடத்தையும் குறித்து, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியிலும் விமான நிலைய மேலாளரிடமும் எழுத்தில் புகார் தர வேண்டும். எழுத்தில் வந்த புகாருக்கு எழுத்தில் பதில் தர வேண்டியிருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
குரோம்பேட்டை.